வெயிலுக்கு மிஞ்சிய மாடுகள்

நாங்கள் மலையிலிருந்து இறங்கியது ஒரு தை மாதத்தில். கணவருக்குக் கோழித் தீவனம் ஏற்றும் லாரியில் டிரைவர் வேலை கிடைத்திருந்தது. பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரம், வடகரப்பதிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை ஒட்டி ஓட்டு வீடு ஒன்று வாடகைக்கு அமைந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட மாட்டுக் கொட்டகை இருந்தது. அது இருந்ததால்தான் அந்த வீட்டுக்கு நான் சம்மதித்தேன்.

என்னிடம் இரண்டு மாடுகள் இருந்தன. மாட்டுப்பட்டி ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், அம்மா வளர்த்த பசுவின் வழி வந்தவை. அம்மா இறந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுத்தோம். பாத்திரங்களும் கட்டிலும் ஜெபப் புத்தகமும் எனக்கும் தங்கைக்கும் பிரிந்தன. மாடுகளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெரியது செவலை. அதன் மகள் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அதைப் புள்ளி என்று கூப்பிட்டோம். இரண்டும் குளிர்தேசத்துச் சீமை மாட்டுக் கலப்பு. கழுத்திலும் விலாவிலும் விரல் புதையும் அளவுக்கு ரோமம். பனி விழும் காலைகளில் அம்மா பால் கறக்க உட்கார்ந்தால், விறைத்த கைகளைச் செவலையின் வயிற்று ரோமத்துக்குள் நுழைத்துச் சூடேற்றிக்கொண்டுதான் மடியைத் தொடுவாள். இல்லாவிட்டால் மாடு உதைக்கும்.

லாரியின் பின்னால் மாடுகளோடு நான் சாக்கு விரித்து உட்கார்ந்து வந்தேன். மறையூர் வரைக்கும் அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. சின்னாறு காட்டுக்குள் இறங்க இறங்க, பாதையோரத்து மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. மேலே உள்ளங்கை அகலத்துக்கு இருந்த இலைகள் கீழே நகத்தளவுக்குச் சுருங்கின. அப்புறம் இலையைவிட முள் அதிகமாகத் தெரிந்தது. மலை ஒன்றுதான். மழை விழும் பக்கத்தில் ஒரு காடு, மழை எட்டாத பக்கத்தில் வேறொரு காடு. காற்று சூடானதும் செவலை மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. நான் அதன் கழுத்தைத் தட்டிக் கொடுத்தேன்.

மாசி பிறந்ததுமே வெயில் ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பகல் முழுக்க வீசும். ஆனால் அது அடுப்பு வாயிலிருந்து வருவது போல இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பங்குனியில் செவலை தீனியைப் பாதியில் விட ஆரம்பித்தது. மத்தியானம் ஆனால் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு இரைக்கும். விலா அடித்துக்கொள்வது வாசலிலிருந்தே தெரியும்.

தோப்பும் வீடும் ஒரு கவுண்டர் குடும்பத்துக்குச் சொந்தம். அந்த வீட்டம்மாதான் எங்களுக்கு வீடு கொடுத்தவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். தோப்புக்குத் தண்ணீர் கட்ட வந்தவர் கொட்டகையை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மிணி, உம்பட மாடு என்ன நாயாட்டம் நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்குது?"

"சூடு தாங்கலக்கா. ரெண்டு நாளா தண்ணி மட்டுந்தான் குடிக்குது."

"மலை மாடு நம்மூரு வெயிலுக்கு ஆவாது கண்ணு. ஈரச் சாக்குப் போடு. தண்ணி ஊத்திட்டே இரு."

ஈரச் சாக்கு போட்டேன். தோப்புக் குழாயிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து முதுகில் ஊற்றினேன். அந்த அடர்ந்த ரோமத்துக்குள் தண்ணீர் இறங்கவே நேரம் பிடித்தது. இறங்கின தண்ணீரும் கொஞ்ச நேரத்தில் வெந்நீராகி, மாட்டின் மேல் சுடுதுணி போர்த்தியது போல ஆனது. சித்திரை நடுவில் ஒரு மத்தியானம் செவலை முன்னங்காலை மடித்துப் படுத்தது. பிறகு எழுந்திருக்கவில்லை. மிருகாசுபத்திரியிலிருந்து ஆள் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா போனபோது வராத அழுகை அப்போது வந்தது.

தோப்பு ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். மறுநாள் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரக்கமில்லாத மனிதர் அல்ல. ஆனால் லாரிக்காரருக்கு எதையும் சீக்கிரம் இறக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

"இங்கரு, புள்ளியும் இங்கன நிக்காது. மாட்டு வியாபாரி நாளைக்கு இந்தப் பக்கம் வாராரு. உசுரோட இருக்கும்போதே குடுத்துருவோம்."

"குடுக்க மாட்டேன்."

"செத்த பெறகு அழுறதுக்கா?"

"வியாபாரி வந்தா நீங்க வேணா ஏறிப் போங்க. புள்ளி இங்கனதான் நிக்கும்."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே மனதில் ஒன்றை முடிவு செய்தேன். இந்த ஊரில் நாங்கள் வாழ வேண்டுமானால் இந்த மாடும் வாழும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

புள்ளிக்கு வயது குறைவு, உடம்பும் சிறியது. அந்தக் கோடையை எப்படியோ தாண்டிவிட்டது. ஆனி, ஆடியில் சாரல் விழுந்ததும் தேறிக்கொண்டது. அடுத்த கோடைக்கு முன்னால் அதைப் பழக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். எனக்கே வேர்க்குரு போய், வேர்வை சரளமாக வர ஆரம்பித்திருந்ததே. மாட்டுக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்? காலை வெயிலில் கொஞ்ச நேரம் கட்டினேன். பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டினேன். தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று வேயச் சொல்லிக் கணவரை நச்சரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, முனகிக்கொண்டே வேய்ந்து கொடுத்தார். அடுத்த கோடையில் புள்ளி முன்போல இரைக்கவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்போது அது சினையாகவும் இருந்தது. பால் அதிகம் கொடுக்கும் சீமைக் காளையின் சினை ஊசிதான் போட்டிருந்தோம். தாய் பழகிவிட்டது, இனி பிறப்பது பழகியே பிறக்கும் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிடாரி பிறந்தது, பெண் கன்று. கறுகறுவென்று, பட்டுப்போல நீள ரோமம். லயத்தில் பிறந்த கன்றுகள் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தது. சீம்பாலை அக்கா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் கன்றுக்கு முதல் கோடை வந்தபோது, தாய் நின்ற இடத்திலேயே நின்று தாயைவிட அதிகமாக இரைத்தது. அந்த ரோமத்துக்குள் உண்ணிகள் கொத்துக் கொத்தாக அடைந்தன. பிடுங்கப் பிடுங்க வந்தன. ஒரு காலையில் அதன் மூத்திரம் ரத்தம் போலச் சிவந்து போனது.

மிருகாசுபத்திரியில் அப்போதுதான் ஒரு புது டாக்டர் வேலைக்கு வந்திருந்தார். ஒற்றப்பாலம் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவர். தமிழைத் தடுக்கித் தடுக்கிப் பேசுவார். வந்து பார்த்து, உண்ணிக் காய்ச்சல் என்றார். ஊசி போட்டார். மறுநாளும் யாரும் கூப்பிடாமல் தானே வந்து போட்டார். கன்று பிழைக்கவில்லை.

அவர் கை கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். மனதுக்குள் அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

"தாய வெயில்ல கட்டிப் பழக்கினேனே டாக்டர். அது இப்ப தாங்குதே. கன்னுக்கு மட்டும் ஏன் தாங்கல?"

அவர் கையை உதறிக்கொண்டு என் காதைப் பார்த்தார்.

"சேச்சி, ஒரு காரியம் கேக்கறேன், விஷமிக்கக் கூடாது, வருத்தப்படக் கூடாது. உங்க அம்மா காது குத்தினவங்கதானே?"

"ஆமா."

"அவங்க அம்மாவும்?"

"ஆமா."

"பின்ன உங்களுக்கு ஏன் தனியா குத்த வேண்டி வந்தது? குத்தின காதோடயே பிறந்திருக்கணுமே?"

நான் காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

"பழகினது புள்ளியோட உடம்பு. அது புள்ளியோடயே நின்னுடும். கன்னுக்குப் போறது பழக்கம் இல்ல. பிறக்கும்போதே ரத்தத்துல என்ன இருந்ததோ அதுதான் போகும்." அவர் தோப்புக்குள் கை காட்டினார். அங்கே அக்காவின் நாட்டு மாடு உச்சி வெயிலில் நின்றபடி அசை போட்டுக்கொண்டிருந்தது. சின்ன உடம்பு, சின்னத் திமில், தோலோடு ஒட்டின குட்டை ரோமம். "அத யாரு பழக்கினாங்க?"

"அது இந்த ஊரு மாடு. பிறந்ததுல இருந்து இங்கதான்."

"உங்க கன்னும் பிறந்ததுல இருந்து இங்கதான், சேச்சி." சொல்லிவிட்டு, கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று அவர் குரலைத் தணித்தார். "அந்த நாட்டு மாட்டோட அம்மம்மா, அந்த அம்மம்மாவோட அம்மம்மா காலத்துல எத்தனையோ கன்னு பிறந்திருக்கும். எல்லாம் ஒண்ணு போல இருக்காது. வெயில் தாங்காதது செத்தது. உண்ணிக் காய்ச்சல் தாங்காதது செத்தது. சாகாதது வளர்ந்து கன்னு போட்டது. அங்க நிக்கறது பழகின மாடு இல்ல. செத்தது போக மிச்சம்."

கன்று இன்னும் எங்கள் முன்னால் சாக்கின் மேல் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"அப்ப எங்க மாடெல்லாம் இப்படிச் செத்துச் செத்துத்தான் உருப்படணுமா?"

"வேண்டா. வெயில் மெதுவா செய்யற ஜோலிய நீங்க கொஞ்சம் சீக்கிரம் செய்யலாம். தாங்கற ரத்தம் வேணும்னா தாங்கற காளைகிட்டப் போங்க. பிறக்கற கன்னுல எது தாங்குதுன்னு பாருங்க. தாங்கறதுல இருந்து மட்டும் அடுத்த கன்னு எடுங்க. தாங்காதத சாகவிடணும்னு இல்ல. அதுல கன்னு எடுக்காம இருந்தாப் போதும்."

அன்று பகல் முழுக்க நான் அக்காவின் மாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் பின்னால் எத்தனை மாடுகள் படுத்து எழுந்திருக்காமல் போயிருக்கும் என்று யோசித்தேன். அத்தனையும் யாரோ ஒருத்தி தடவிக் கொடுத்து, பெயர் வைத்துக் கூப்பிட்ட மாடுகளாகத்தான் இருந்திருக்கும். அந்த யோசனைக்குப் பிறகு கோபம் குறைந்தது. பிடிவாதம் மட்டும் மிஞ்சியது.

எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு விவசாயி நாட்டுக் காளை வைத்திருந்தார். புள்ளி பருவத்துக்கு வந்து கத்தியபோது, விடியற்காலையிலேயே கயிற்றைப் பிடித்து அங்கே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். அக்கா வேலியோரத்தில் நின்று பார்த்தார்.

"ஊசிக்காரனக் கூப்புட்டா ஊட்டுக்கே வாரான். நீ என்னத்துக்கு இத்தனை தூரம் ஓட்டிட்டுப் போற?"

"நாட்டுக் காளைக்குக்கா."

"கெட்டுது போ! பால் கொறஞ்சு போயிருமே அம்மிணி. ஊரே சீமை ஊசி கேட்டு நிக்குது, நீ பொறத்தால போறயா?"

"பால் கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போகுது. மாடு இருந்தாத்தானக்கா பால்?"

பால் சொசைட்டியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மலைக்காரிக்கு வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்றார் ஒருவர். நான் கேனைக் கவிழ்த்து அளந்து ஊற்றிவிட்டு வந்தேன். கணவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதலில் பிறந்தது காளைக் கன்று. குட்டை ரோமம், உண்ணி அவ்வளவாக ஏறவில்லை, கோடையில் துள்ளி விளையாடியது. எல்லாம் நான் நினைத்தபடி. ஆனால் எனக்கு வேண்டியது கிடாரி. வளர்ந்ததும் உழவுக்குக் கேட்ட ஒருவரிடம் அதை விட்டோம். மறுபடி புள்ளியை ஓட்டிக்கொண்டு போனேன். இந்த முறை கிடாரி. நிறம் செவலை. பாட்டியின் நிறம் பேத்திக்கு வந்திருந்தது. ஆனால் நிறம்தான் பாட்டியுடையது. ரோமம் குட்டை, முதுகில் திமிலுக்குச் சின்ன மேடு, கழுத்துக்குக் கீழே அலைதாடி நன்றாகத் தொங்கியது. அதைச் சின்னச் செவலை என்று கூப்பிட்டோம்.

அடுத்த ஈற்றிலும் கிடாரிதான். அதே தாய், அதே காளை. ஆனால் பிறந்தது சாம்பல் நிறத்தில், நீள ரோமத்தோடு, உருண்டு திரண்டு வந்து நின்றது. நான் டாக்டரிடம் கேட்டேன்.

"ரெண்டும் ஒரே அப்பன் ஆத்தாவுக்குப் பிறந்ததுதானே? இது மட்டும் ஏன் இப்படி?"

"நீங்களும் உங்க தங்கச்சியும் ஒண்ணு போலவா இருக்கீங்க?" என்று சிரித்தார். "எல்லாம் ஒண்ணு போலப் பிறந்தா வெயிலுக்கு எதைத் தேர்ந்தெடுக்கறதுன்னு தெரியாது, சேச்சி. வித்தியாசமா பிறக்கறதுதான் நமக்கு நல்லது."

சாம்பல் கன்றுக்கு முதல் கோடை வந்ததும் வித்தியாசம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. மத்தியானத்தில் சின்னச் செவலை தென்னை நிழலில் படுத்து அசை போடும். சாம்பல் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராது. வாயைத் திறந்தபடி விலா அடிக்க நிற்கும். அதற்கு உடம்பு சரியில்லாமல் ஒன்றும் இல்லை. நன்றாகத் தின்னும், முட்டி விளையாடும், என் முந்தானையைச் சப்பும். வெயில் ஏறினால் மட்டும் அதற்கு இந்த ஊர் ஆகவில்லை. ஈரச் சாக்கும் தண்ணீருமாக ஒரு கோடையைக் கடத்தினேன். கிடாரி வளர்ந்தது. இரண்டாவது கோடை முதல் கோடையைவிட மோசமாகப் போனது. அதில் கன்று எடுக்கக் கூடாது என்பது தெரிந்துவிட்டது. அப்படியானால் அதை என்ன செய்வது?

கணவர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "வியாபாரி…"

"வேண்டாம்."

"நான் சொல்லவே இல்லையே."

"சொல்லப் போறது தெரியும். வேற யோசனை இருக்கு. சித்திரபுரத்துக்கு லாரி போகுமா?"

தங்கை மலைமேல் சித்திரபுரத்தில் இருந்தாள். அவள் கணவருக்கு மின்சார வாரியத்தில் வேலை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் புல் தரையும் இருந்தது. போனில் கேட்டதும் ஒத்துக்கொண்டாள். கணவர் ஒரு நாள் லீவு போட்டு, நண்பரின் சின்ன லாரியை வாங்கி வந்தார். சின்னாறு தாண்டி மேலே ஏற ஏற, சாம்பல் காதை முன்னால் நீட்டியது. சித்திரபுரத்தில் இறக்கியபோது மழைத் தூறலும் மூடுபனியும். எனக்குக் குளிரில் பல் கிட்டியது. மலையில் பிறந்து வளர்ந்தவள் நான் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். சாம்பல் பலகையிலிருந்து ஒரு குதி குதித்து இறங்கி, நேராகப் புல்லில் வாயை வைத்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அதன் மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தோம். சாம்பலின் ரோமத்தில் பனித்துளிகள் முத்து முத்தாக நின்றன. முதுகு அகன்று, மடி இறங்கி, ஆளே அடையாளம் தெரியாத மாதிரி ஆகியிருந்தது. பக்கத்தில் அதன் கன்று.

"இம்புட்டு நல்ல மாட்ட எதுக்குக்கா எனக்குக் குடுத்த?" என்றாள் தங்கை. "உண்மையச் சொல்லு, இதுகிட்ட என்ன கொற?"

"இங்கன ஒரு கொறயும் இல்ல. அங்கனதான் இருந்துச்சு."

அவளுக்கு அது புரிந்ததோ என்னவோ, இன்னொரு டம்ளர் காப்பியை ஊற்றி என் முன்னால் வைத்தாள். நான் அதன் பிறகு யாராவது நல்ல மாடு வேண்டும் என்று கேட்டால், எந்த ஊருக்கு என்று திருப்பிக் கேட்கப் பழகிவிட்டேன். சின்னச் செவலையை அன்றைக்கு அந்தப் புல் தரையில் கொண்டுபோய்க் கட்டியிருந்தால் மார்கழி முடிவதற்குள் சளி கட்டிப் படுத்திருக்கும். மாட்டில் உயர்ந்தது தாழ்ந்தது என்று நான் கேட்டு வளர்ந்ததெல்லாம் ஊரைச் சேர்க்காமல் சொன்ன பேச்சு.

சின்னச் செவலை ஈன்று பால் கொடுக்க ஆரம்பித்தது. மலையில் செவலை கொடுத்த அளவுக்கு இல்லை. சொசைட்டியில் என் கேன் நிறையாத கேன்தான். ஆனால் சித்திரை வந்தது. ஊரில் பெரிய மாடுகளெல்லாம் பாலைச் சுருக்கிக்கொண்டன. சிலது வற்றியே போனது. ஒரு காலையில் கணவர் கறந்த பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மாட்டைப் பார்த்தார்.

"நேத்தும் இம்புட்டுத்தானா?"

"நேத்தும். முந்தாநாளும். கொறயவே இல்ல."

அவர் போய் வைக்கோல் கட்டைத் தூக்கி வந்து அதன் முன்னால் அவிழ்த்துப் போட்டார். அதுவரை அவர் தானாக மாட்டுக்குத் தீனி போட்டு நான் பார்த்ததில்லை.

எல்லாம் நேர்க்கோட்டில் போய்விடவில்லை. எல்லைக்கு அப்பால் இருந்த காளையை அந்த விவசாயி ஒரு கட்டத்தில் விற்றுவிட்டார். டாக்டர் அலைந்து திரிந்து நாட்டு இனத்துச் சினை ஊசி வரவழைத்துக் கொடுத்தார். சின்னச் செவலையின் முதல் கன்று நன்றாக வந்தது. இரண்டாவது கன்றைக் கோடையில் இழந்தோம். தாய் தாங்கினால் கன்று தாங்கும் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. சீட்டை நல்லபடி அடுக்கி வைக்கலாம். எது கைக்கு வரும் என்பது நம் கையில் இல்லை. இழந்த கன்றுக்காக அழுதேன். ஆனால் புள்ளியின் கறுப்புக் கன்றுக்கு அழுதபோது இருந்த மாதிரி, எதற்கு இது என்று தெரியாத அழுகை இல்லை.

உண்ணிகள் வேறு ஒரு பாடம் எடுத்தன. ஆரம்பத்தில் ஒரு மருந்தைத் தண்ணீரில் கலந்து மாட்டின் மேல் அடித்தால் உண்ணி பொலபொலவென்று உதிரும். வருஷம் போகப் போக உதிர்வது குறைந்தது. நான் மருந்தைக் கூட்டினேன். ஊரில் எல்லாரும் கூட்டினார்கள். கடைசியில் மருந்து வாடை தாங்காமல் எனக்குத்தான் தலை சுற்றியது, உண்ணி அசையவில்லை. கடையில் போலி மருந்து விற்கிறார்கள் என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனேன்.

"மருந்து சரிதான் சேச்சி. உண்ணிதான் பழைய உண்ணி இல்ல. முதல் தடவை அடிச்சப்ப எல்லாமே செத்ததா?"

"ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"அந்த ஒண்ணு ரெண்டுக்கு அந்த மருந்து ஏக்கல, வேலை செய்யல. இப்ப இருக்கறதெல்லாம் அதோட பிள்ளைங்க, பேரப் பிள்ளைங்க. நீங்க மாட்டுக்கு என்ன செய்தீங்களோ, அதையேதான் உண்ணிக்கும் செய்திருக்கீங்க. தாங்கினதுல இருந்து கன்னு எடுத்தீங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கொட்டகையில் நான் பாடுபட்டு ஒரு கூட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, அதே மாட்டின் தோலின் மேல் இன்னொரு கூட்டம் என் கையாலேயே உருவாகியிருக்கிறது. வெயிலுக்கும் மருந்துக்கும் யார் பக்கம் என்று ஒன்றும் இல்லை. யார் மிஞ்சுகிறார்களோ அவர்கள் பிள்ளைகள்தான் அடுத்த வருஷம் இருப்பார்கள்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? மருந்து அடிப்பதைக் குறைத்தேன். டாக்டர் சொன்னபடி, மாற்றி மாற்றி, மிகவும் ஏறினால் மட்டும். கொட்டகைக்குள் நாட்டுக் கோழிகளை விட்டேன்; அவை மாட்டின் காலடியில் சுற்றி உண்ணியைக் கொத்தித் தின்னும். சுவரின் வெடிப்புகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தேன். உண்ணி குறைவாக ஏறும் கிடாரியிலிருந்து மட்டும் கன்று எடுப்பது என்று இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது.

போன கோடை இந்தப் பக்கத்தில் எல்லாரும் பேசிப் பேசி மாளாத கோடை. கிணறுகள் வறண்டன. தென்னையில் குரும்பைகள் உதிர்ந்தன. தெருவில் மாடு ஏற்றும் வண்டிகள் அடிக்கடி போயின. எங்கள் கொட்டகையிலும் கஷ்டம்தான். புள்ளிக்கு வயதாகிவிட்டது, கறவை நின்று ரொம்ப நாளாகிறது. அதற்கு மட்டும் பகல் முழுக்க ஈரச் சாக்கு மாற்றினேன். மற்றவை தலையைத் தொங்கப் போட்டன, தீனியைக் குறைத்தன, பாலையும் குறைத்தன. ஆனால் நின்றன. ஒன்றுகூடக் காலை மடிக்கவில்லை.

வைகாசியில் முதல் மழை விழுந்த மறுநாள் அக்கா வந்தார். அவர் வீட்டில் அந்தப் பழைய நாட்டு மாடு இல்லாமல் போய்ப் பல வருஷமாகிறது. அதற்குப் பதிலாக வாங்கியிருந்த பெரிய சீமை மாடுகள் இரண்டில் ஒன்று அந்தக் கோடையில் செத்திருந்தது. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு என் கிடாரிகளைப் பார்த்தார்.

"அம்மிணி, ஒரு கெடேரி எனக்குக் குடேன்."

"பால் கொறச்சலா இருக்குமேக்கா."

"இருந்துட்டுப் போவுது. மாடு இருந்தாத்தானே பாலு?"

நான் சொன்னதை அவர் மறந்தே போயிருந்தார். தன் சொந்த வார்த்தையாகத்தான் சொன்னார். சின்னச் செவலையின் பேத்திகளில் எதைக் கொடுப்பது என்று யோசித்தேன். அவர் தோப்பில் நிழல் குறைந்துவிட்டது. போன கோடையில் கால்வாசித் தென்னைகள் பட்டுப்போயின. அதனால் இருப்பதிலேயே நன்றாக வெயில் தாங்கும் கிடாரியைத்தான் கொடுக்க வேண்டும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் காலையில் அதன் காதுக்குள்ளும் வாலடியிலும் உண்ணி பார்த்துப் பிடுங்கி, குளிப்பாட்டி, புதுக் கயிறு போட்டு, வேலியைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனேன்.

அக்கா வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். கிடாரி புது இடத்தைப் பார்த்து மிரண்டு கத்தியது. நான் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.

"இதுக்குச் சீமை ஊசி போட்டுறாதீங்கக்கா. பருவத்துக்கு வந்தா என்னக் கூப்புடுங்க."

"சேரி, சேரி. உனக்குச் சொல்லாம ஒண்ணும் பண்ணல போ."

நான் வீட்டுக்குத் திரும்பினேன். கொட்டகையில் அடுத்த ஈற்றுக் கன்று ஒன்று பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. ரோமம் குட்டையாகத் தெரிந்தாலும் நீளமாகத் தெரிந்தாலும் இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது. கன்று ரோமம் உதிர்ந்து புது ரோமம் வந்த பிறகுதான் தெரியும். கோடை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.